கிட்டங்கிக்காரி

முத்துச்செல்வி ஒரகடத்துக்கு வந்த முதல் நாளே என்னிடம் மாட்டிக்கொண்டாள். "யக்கா, நம்ம கிட்டங்கிக்கு எந்த வாசல் வழியாப் போவணும்?" என்று கேட்டாள். கார் பாகங்களை அடுக்கி வைக்கும் அத்தனை பெரிய வேர்ஹவுஸைப் போய்க் கிட்டங்கி என்கிறாளே என்று நான் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குக் கிட்டங்கிக்காரி என்று பெயர். வைத்தவள் இந்தப் பாஞ்சாலிதான்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. தூத்துக்குடியில் நூறு வருஷத்துக்கு மேல் பழசான உப்புக் கிட்டங்கி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தைத்தவளாம். இரண்டு ஆள் உயரக் கதவு, ஆனால் தேடினாலும் ஓர் ஆணி கிடைக்காது என்பாள். இரும்பை உப்பு தின்றுவிடும் என்று எல்லாமே மர முளையாம். இவள் பீற்றல் தாங்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஐப்பசி மழையில் வந்தது வினை. அனுப்பிய பிரேக் டிஸ்க்குகள் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்து, பேலட்டோடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் கோதண்டராமன் பேக்கிங் பெண்கள் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"க்ளவுஸ் போடாம தொட்டுகினு கீறீங்க. கை வேர்வை பட்டு துரு ஏறிக்கீது. நாளைலேர்ந்து அஞ்சு பேரும் வர வேணாம்."

இந்தச் சம்பளத்தில்தான் என் மகள் ரஞ்சனி தண்டலத்தில் காலேஜ் போகிறாள். வாய் கிழியப் பேசுகிற நான் அடுத்த மாச ஃபீஸைக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். முத்துச்செல்விதான் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள்.

"சார், வேர்வைன்னா விரல் தடம் தெரியும். இது அடி வரிசையில மட்டும்லா இருக்கு. கீழ இருந்து ஏறியிருக்கு."

பெட்டிகளைத் தாங்கிய மரப் பேலட்டைக் குனிந்து தடவினாள். அதற்கு முந்தின மாசம் பழசாக வாங்கிய பலகை. விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பு."

"இன்னாம்மா, கண்டதை நக்கிகினு!"

"நீங்களும் வச்சுப் பாருங்க சார்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரும் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே பலகை விற்றவனுக்குப் போன் போட்டார். துறைமுகத்துப் பக்கம் உப்பு குடோனில் கழித்துப் போட்டவை என்று அவன் ஒப்புக்கொண்டான்.

"உப்பு ஊறின மரம் மழைக்காலத்துல ஈரத்த இழுத்துக்கிட்டே கெடக்கும் சார். எங்க கிட்டங்கியில தைக்கிற ஊசியக்கூடப் பலகையில வைக்க விட மாட்டாவ."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேர் வேலையும் தப்பியது. அவள் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் புது பிளாஸ்டிக் பேலட்டுகள் வந்து இறங்கின. கோதண்டராமன் கேன்டீன் வரைக்கும் தானே நடந்து வந்தார்.

"முத்துச்செல்வி, கொஞ்சம் கிட்டங்கிக்கு வாம்மா. நீ பாத்துச் சொன்னாதான் சரக்கு ஏத்தணும்."

அவள் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, க்ளவுஸை எடுத்து மாட்டினாள்.

"வேர்ஹவுஸ்னு சொல்லுங்க சார். பாஞ்சாலி அக்கா சிரிப்பாவ."