பாவுக் கஞ்சியில் பிழிந்த வடாம்

எதையும் வீணாக்கமாட்டேன் என்பது என் பெருமை. தேசூரில் என் பிறந்த வீட்டில் பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், மீந்த சோறு வடாமாகும். தொண்ணூறுகளில் ஆரணியில் ஒரு பட்டுத் தறிக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, நகையைவிட இந்தப் பெருமையைத்தான் அதிகம் கொண்டுவந்தேன். நகையைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமியார் வாயிலிருந்து 'கெட்டிக்காரி' என்று ஒரு சொல் வந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அவரோ அதிகம் பேசாதவர்.

ஒரு நாள் காலை அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அடுப்படி மூலையில் ஒரு பானை நிறையக் கஞ்சி. பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவர்மேல் இரக்கம்கூட வந்தது எனக்கு. பழைய சோற்றை அரைத்துச் சேர்த்து, பச்சை மிளகாய், சீரகம், உப்புப் போட்டுக் கெட்டியாகக் கிளறி, மொட்டை மாடியில் வேட்டி விரித்து மொத்தத்தையும் பிழிந்துவிட்டேன். கடையில் வாங்கும் வடாம் பொட்டலத்தில் பாதி காற்றுதான். இங்கே ஒரு வேட்டி நிறைய வடாம்! பானையையும் கழுவிக் கவிழ்த்தேன். அதிலாவது கொஞ்சம் சோம்பல்பட்டிருக்கலாம்.

மறுநாள் விடியற்காலையில் தெருவில் பாவு விரித்தார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை அப்படி நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால்தான் நெய்யும்போது அறாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் பாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமியார் உள்ளே வந்தார்.

"ஏம்மா, பாவுக்குக் கஞ்சி காய்ச்சி வெச்சிருந்தேனே, எங்க?"

"அத்தை... அத வடாம் புழிஞ்சிட்டேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தப்பித்திருப்பேன். வாசலுக்குப் போய், "கஞ்சி மாடியில காஞ்சிகினு இருக்குது" என்றார். தெருவே சிரித்தது. என் கணவர் மட்டும் நூலில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"ஜல்தி உலை வைங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். ஆறு வீடுகளில் அந்நேரத்துக்கே சோறு பொங்கி வடித்து, சொம்பு சொம்பாகக் கஞ்சியைக் கொண்டுவந்து பாவைக் காப்பாற்றினார்கள். அத்தனை சோற்றையும் யார் தின்பது? பத்து மணிக்குள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துசேர்ந்தது.

"உங்க மருமக எதையும் வீணாக்காதாமே, இந்தாங்க!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஒரு வீட்டுக் கஞ்சியை மிச்சம் பிடிக்கப் போய், ஆறு வீட்டுச் சோற்றை மிச்சமாக்கியவள் நான். மூன்று நாள் வடாம் போட்டேன். கையில் கொப்புளம் வந்தது. அவமானம் அதைவிட எரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பாவு. முந்தின நாள் அடுப்படிக்குள் போகவே எனக்குப் பயம். மூலையில் இரண்டு பானைகள் இருந்தன. பெரிய பானையின் மூடிமேல் மாமியார் அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தார்.

"அது பாவுக்கு" என்றார். சின்னப் பானையை என் பக்கம் தள்ளினார். "இது ஒனக்கு. போன தபா போட்ட வடாம் தீந்துபோச்சி."

கெட்டிக்காரி என்று அவர் சொல்லவில்லை. நான் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்துக் கிளறினேன். அழுகையில் அன்றைக்கு உப்புப் போடவே மறந்துவிட்டேன்.