பை தூக்கிய தம்பி

சுவரில் ஓட்டை போட கை பலம் மட்டும் போதாது. டிரில் துள்ளும், அதன் பிடியில் நெஞ்சைக் கொடுத்துச் சாய வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அப்படிச் சாய்ந்துதான் ஊரார் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டிக் கொடுத்தார் அவர். தெருவில் அவருக்குப் பெயரே ஏசிக்காரர். சொந்த வீட்டில் ஏசி கிடையாது என்று சொல்லிச் சொல்லி மனைவியே ஓய்ந்துபோனாள்.

ஆகவே இடது மார்க்காம்புக்குப் பின்னால் கட்டி தட்டுப்பட்டபோது, டிரில் அழுத்திய காய்ப்பு என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷம் அந்தத் தீர்ப்பு நின்றது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டபோது, அது வெளியே தெரியாமலிருக்க இருண்ட நிறத்தில் சட்டை போட ஆரம்பித்தாரே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முதுகு வலி தாங்காமல் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தவரைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மார்பகப் புற்றுநோய். முதுகெலும்பு வரை போயிருந்தது.

இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதரா அவர்? அதுதான் வயிற்றெரிச்சல். நாலு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு இதே நோய் வந்தபோது, கூடவே நின்றவர் அவர்தான். அக்காவுக்குக் கணவர் இல்லை, மகன் வெளியூரில். ஏசிக்காரர் வேனிலிருந்து ஏணியையும் பைப்பையும் இறக்கிவிட்டு, முன் சீட்டில் தலையணை போட்டு அவளை அழைத்துப் போனார். ரிப்போர்ட் வைத்த பழுப்பு ரெக்ஸின் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"பையைத் திறக்காதேடா. பொம்பளைங்க சமாச்சாரம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் அக்கா. அவர் திறக்கவில்லை. 'ஆண்கள் உள்ளே வரக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே, பையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அக்காவின் கட்டி பட்டாணி அளவில் இருந்தபோதே பிடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு அவளுக்கும் அது எலும்பில் தலைகாட்டியது. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி. வேனும் தம்பியும் மாறவில்லை.

அக்காவுக்கு என்றதும் தெருவே பழத்தோடு வந்து அழுதது. இவருக்கு என்றதும், "என்னண்ணே, ஆம்பளைக்குப் போய் மார்லயா?" என்று கடைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடக்காமல் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அதே பலகையைத் தாண்டி இப்போது அவர் உள்ளே போனார். நர்ஸ் அவர் நீட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட் அம்மா எங்கங்க?"

"நான்தாம்மா அந்த அம்மா" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தாங்க. மருந்தும் முக்கால்வாசி ஒண்ணுதான். உங்க அக்கா சின்னதா இருக்கும்போதே வந்தாங்க, அதனால ரெண்டு வருஷம் நிம்மதியா ஓடிச்சு. நீங்க எலும்புக்குப் போன பிறகு வந்திருக்கீங்க. ஆம்பளைங்க பல பேரு இப்படித்தான், நமக்கு எங்க வரப்போகுதுன்னு இருந்துடறாங்க. ஆனா உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே?"

"என்ன தெரியும்?"

டாக்டரம்மா அக்காவின் பழைய ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். நோய் குடும்ப வழியில் வருகிறது என்று அக்காவின் ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ரத்த உறவுகள் எல்லோருக்கும், ஆண்களுக்கும் சேர்த்து, கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம். யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று ஒரு படிவம். மகன், தங்கை, தம்பி. மூன்று பேருக்கு நேராகவும் டிக்.

பட்டையான நீல டிக். அந்த மையை அவருக்குத் தெரியும். சுவரில் ஓட்டை போடும் இடத்தைக் குறிக்க அவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் மார்க்கர். நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், அக்கா டாக்டர் அறைக் கதவிடுக்கில் தலையை நீட்டி, "பேனா இருக்காடா?" என்று கேட்டாள். "சொத்தை எல்லாம் எழுதிக் கொடுத்துடாதே" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். தம்பியின் மார்க்கரை வாங்கி, தம்பிக்குச் சொல்லிவிட்டதாகப் பொய் டிக் போட்டிருக்கிறாள். அந்தக் கடிதம் நாலு வருஷமாக அந்தப் பையில், அவர் அக்குளிலேயே இருந்திருக்கிறது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனார். உட்காரவில்லை.

"தங்கச்சிக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"உன் பையனுக்கு?"

"அவன் டெஸ்ட் எடுத்துட்டான். அவனுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"எனக்கு?"

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். வேன்ல பாட்டு கேட்டுக்கிட்டு சந்தோஷமா வந்தே..."

"நாலு வருஷமாவா பாட்டு கேட்டேன்?"

அவள் முறுக்கிய தலைப்பை விட்டாள். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோல் சொன்னாள். "உனக்கும் வரலாம்னு தெரிஞ்சா நீ உன்னைப் பாக்க ஓடிருப்பேடா. அப்புறம் என்னை யாரு பாப்பா?"

அடித்திருந்தால் வலித்திருக்கும், அவ்வளவுதான். இது அவரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அவளுக்குத் தான் உடன்பிறந்தவன் என்று நினைத்திருந்தார். அவள் டிரைவர் என்று நினைத்திருக்கிறாள். படியிறங்கினார்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு, கூச்சத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். "நாளைக்கே போய்ப் பாக்கறேன்ப்பா" என்று அவள் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான், டாக்டரம்மா தனக்குக் கொடுத்திருந்த அதே மாதிரிப் படிவத்தில் மகளுக்கு நேராக டிக் போட்டார்.

அடுத்த செவ்வாய் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஊசி. "அவளைக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. காலையில் வேனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு நேர் வழி இருந்தும், வண்டி பழகிய தெருவில் திரும்பியது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவர் வருவார் என்று அவள் சந்தேகப்படவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. கதவைத் திறந்துவிட்டார். முன் சீட்டுத் தலையணை இன்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் பையை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"உன் பையை நீயே வெச்சுக்கோ" என்றார்.