காலி நாற்காலியைப் பற்றி நான் அளந்துவிட்ட வரி

போன மாதம் ஒரு சனிக்கிழமை பினாங்குக்குப் போனேன். சாப்பிடவோ சுற்றிப் பார்க்கவோ இல்லை, மன்னிப்புக் கேட்க. இரண்டு வருடங்களுக்கு முன் இதே வலைப்பூவில், ஜார்ஜ் டவுனில் ஓர் ஓவியக்கூடத்தில் பார்த்த, ஓவியர் சிவநேசனின் கடைசி ஓவியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி. அவர் பத்து வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்டவர் என்பதால், "இது அவர் விட்டுச்சென்ற பிரியாவிடைக் கடிதம்" என்று அளந்துவிட்டேன். அதை அவருடைய தங்கை மங்கை படித்துவிட்டார். "நேரில் வந்தால் ஒரு விஷயம் சொல்வேன்" என்று மட்டும் எனக்கு எழுதினார்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் நாலேகால் மணி நேரம், 70 வெள்ளி (ரிங்கிட்). ஃபெரிக்கு 2 வெள்ளி. படகுத்துறையிலிருந்து சூலியா தெருப் பக்கம் பத்து நிமிட நடை. ஓவியக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் 15 வெள்ளி. நாற்காலி ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம். பக்கத்திலிருந்த விளக்க அட்டையில் அவர் தற்கொலைதான் முதல் வரி. ஒரு பெண் என் வாக்கியத்தையே செல்பேசியில் தேடித் தோழிக்கு வாசித்துக் காட்டினாள். எனக்குக் கூசியது.

அங்கிருந்து டத்தோ கிராமாட்டிலுள்ள மங்கை அக்கா வீட்டுக்கு வாடகைக் கார், 9 வெள்ளி. ஓட்டுநர் தமிழ் முஸ்லிம். போகிற காரணத்தைச் சொன்னேன்.

"எங்க மார்க்கத்துல அது பெரிய பாவம் அண்ணே. என் மச்சானும் அப்படித்தான் போனான். ஆனா அவனுக்காகத் துவா கேக்குறத யாரு தடுக்க முடியும் லா? தினமும் கேக்குறேன்" என்றார்.

அக்கா காபி கொடுத்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஆடி அமாவாசைக்குத் தாத்தா, பாட்டி, அம்மா எல்லாருக்கும் இலை போட்டுப் படைப்போம் தம்பி. அப்பா இருந்த வரைக்கும் அண்ணனுக்கு மட்டும் போட விடல. கேக்குறவங்ககிட்ட ஹார்ட் அட்டாக்னு சொல்வாரு. அவரு மறைச்சாரு. நீங்க அதுக்கு மாலை போட்டுட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த நாற்காலி அண்ணன் எனக்குப் போட்டது. ஞாயித்துக்கிழம வந்து உக்காரு, உன்னை வரையணும்னாரு. எனக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. அடுத்த வாரம் வர்றேன்னேன். படம் முடியல, அவ்வளவுதான். நான் அன்னிக்குப் போயிருந்தா..."

"உங்க தப்பில்ல அக்கா" என்றேன். உண்மைதான். ஆனால் பத்து வருடச் சுமை என் ஒரு பேச்சில் இறங்கிவிடாது. அங்கேயே உட்கார்ந்து செல்பேசியில் வலைப்பூவைத் திறந்து அந்த வரியை நீக்கினேன். அந்தப் படத்தை அக்கா இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்கு என்கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.

ஓவியக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு: காலை பத்து முதல் மாலை ஆறு வரை, திங்கள் விடுமுறை. படத்தை முதலில் பாருங்கள், அட்டையை அப்புறம் படிக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதைக் கலைஞனின் சோகம் என்று ரசிக்காதீர்கள். தனியாக விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

மறுநாள் பத்து மணிக்கே போய்விட்டோம். அக்கா படத்தை ஒட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கால்களைக் காட்டினார்.

"ரெண்டு காலுக்கு நிழல் போடல பாருங்க தம்பி. மீதிய நான் வந்தப்புறம் போடலாம்னு வெச்சிருக்காரு."