டன்னலுக்கு வெளியே உட்கார வந்த பத்மா அக்கா

பத்மா அக்கா போய்ட்டாங்க.

இன்னைக்குக் காலையில அவங்க மக போன் பண்ணிச் சொன்னா. தூக்கத்துலயே... நெஞ்சுவலின்னு டாக்டர் சொன்னாராம்.

நம்ப முடியல லா. போன வாரம்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அஞ்சு நிமிஷம் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அக்காவும் நானும் கிள்ளான்ல, கப்பல் சரக்கு அனுப்புற ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ்ல பல வருஷம் பக்கத்துப் பக்கத்து டேபிள்.

போர்ட்ல இருந்து மேரு, தெலுக் பங்லிமா காராங் மாதிரி பக்கத்து ஊருங்களுக்கு கன்டெய்னர் லோரி அனுப்புறது அவங்க வேலை. ரோட்டோரம் நிறுத்திட்டுத் தூங்குற டிரைவரெல்லாம் அவங்க குரல் போன்ல கேட்டாலே எழுந்து உக்காந்துருவாங்க.

அவ்வளவு பெரிய குரல். ஆனா லிஃப்ட்ல ஏற மாட்டாங்க... மூடின இடம், இருட்டு, ரெண்டும் ஆகாது. அஞ்சாவது மாடிக்கு தினமும் படியிலதான். கேட்டா "எக்சர்சைஸ்"ன்னுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஆளுங்க ஆறு பேர் பேராக் பக்கம் போனோம். தைப்பிங் போற வழியில, மலையைக் குடைஞ்சு போட்ட பழைய ரயில் டன்னலுங்க இருக்கு. புது ரயில் பாதை வந்ததும் அதை அப்படியே விட்டுட்டாங்க. தண்டவாளம்கூட இல்ல. சேறு, செடி, வௌவால்.

அக்காவும் வந்தாங்க. "நான் வெளியவே உக்காந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க"ன்னு டன்னல் வாசல்ல பாய் விரிச்சு, பக்கத்துல நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தையும் வச்சுட்டாங்க. பிக்னிக் மாதிரி.

நான் போட்டோ எடுத்துக்கிட்டே பின்தங்கிட்டேன். டன்னல் நடுவுல வளையும். வளைஞ்ச பிறகு முன்னாடியும் வெளிச்சம் இல்ல, பின்னாடியும் இல்ல.

அங்கதான் கால் வழுக்கி ஓரத்துச் சாக்கடையில விழுந்தேன். போன் தண்ணியில போய் அணைஞ்சிருச்சு. கணுக்கால் திரும்பிக்கிச்சு, எழுந்து நிக்க முடியல.

கத்தினேன். முன்னால போன கூட்டம் நான் விளையாடுறேன்னு நினைச்சு, பதிலுக்கு "ஊ..."ன்னு கத்திட்டுப் போய்க்கிட்டே இருந்துச்சு.

அழுதுட்டேன். உண்மையாவே பயம்.

அப்பதான் பின்னாடி இருந்து அந்தக் குரல். "யாரு, வாணியா? எங்க விழுந்த?"

"அக்கா, நீங்க வராதீங்க. உங்களுக்குப் பயம்..."

"பயம் எனக்கு. கால் உனக்கு. நீ உன் காலப் பாரு."

சேத்துல சளக் சளக்னு அவங்க கால் வைக்கிற சத்தம். அப்புறம், "பேசிக்கிட்டே இரு லா. நிறுத்தாத. நிறுத்தினா நான் திரும்பி ஓடிருவேன்."

வாய்க்கு வந்ததைப் பேசினேன். எங்கம்மா மிளகாய்ச் சம்பால் எப்படி வைப்பாங்கன்னு சொன்னேன். "ஹ்ம்... அப்புறம்? வெங்காயம் எப்பப் போடுவாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. அவங்க போன் டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் குதிக்குது.

என்னைத் தொட்டப்ப அவங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

தோள்ல என்னைத் தாங்கிக்கிட்டு நின்னாங்க. எந்தப் பக்கம் கிட்டன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. "பின்னாடி போனா நாம ரெண்டு பேர்தான். முன்னாடி ஆளுங்க இருக்காங்க. முன்னாடியே போவோம்"னாங்க.

போனோம். அக்கா பாதி நேரம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நடந்தாங்க. வழி நான் சொன்னேன்.

வெளிய வந்தா நல்ல வெயில். நம்ம ஆளுங்க மரத்தடியில உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்காங்க. அக்காவைப் பார்த்ததும் குமாருக்கு வாயில இருந்த பிஸ்கட் விழுந்துருச்சு.

அக்கா திரும்பி டன்னலைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுக்குள்ளயா நான் வந்தேன்?"

அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவங்கதான்... சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்களுக்கும்.

திரும்பி டன்னல் வழியா வர்றப்ப என்னைக் குமாரும் ஃபைசாலும் தாங்கிட்டு வந்தாங்க. டார்ச்சோட முதல் ஆளா நடந்தது யாருன்னு சொல்லணுமா?

அதுக்கப்புறம் அவங்களைப் பிடிக்க முடியல. லீவு வந்தா டன்னல். சொந்தக்காரங்க வந்தா டன்னல்.

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தப்ப என்ன பண்ணாங்க தெரியுமா? ஊருல எல்லாரும் மாப்பிள்ளை வீட்டை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அக்கா வேன் பிடிச்சு டன்னலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் கூடப் போனேன்.

மாப்பிள்ளையோட அம்மா பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரங்க, ரிட்டையர்டு டீச்சர், ரொம்ப ஸ்ட்ரிக்ட். நல்ல சேலை, ஹீல்ஸ். டன்னல் வாசல்ல நின்னு சேத்தைப் பார்த்தாங்க, அக்காவைப் பார்த்தாங்க.

மக எங்கிட்ட மெதுவா, "முடிஞ்சுது வாணிக்கா, என் கல்யாணம்"ன்னா.

டீச்சர் ஹீல்ஸைக் கழட்டிக் கையில எடுத்தாங்க. "முதலே சொல்லியிருந்தா சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருப்பனே"ன்னாங்க. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு உள்ள நடந்தாங்க.

ரெண்டு சம்பந்தியும் கை கோத்துக்கிட்டு, உள்ள இருட்டுல ஒருத்தர் பேச்சுக்கு ஒருத்தர் சிரிச்ச சிரிப்பு... வௌவாலெல்லாம் வெளிய வந்துருச்சு.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. பேரனுக்கு இப்ப நாலு வயசு.

இன்னைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனப்ப டீச்சர்தான் கதவு திறந்தாங்க. எல்லாருக்கும் அவங்களே தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. எங்கிட்ட மட்டும், "நல்ல மனுசி, என்ன?"ன்னாங்க. ஆமான்னேன்.

நாளைக் காலையில கிள்ளான் வீட்டுல இறுதிச் சடங்கு. பழைய ஆபீஸ் ஆளுங்க வாங்க. பக்கத்துல தொழுகை நடக்குற சூராவ் இருக்கு, அதுக்கு முன்னாடி காடி நிறுத்தாதீங்க.

அக்கா... அவசரமே இல்ல. நீங்க மெதுவாவே நடங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்.