உள்ளே ஆள் இல்லை என்று டிக் போட்டது யார்?

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். அந்தப் பொய்யால் எண்ணூரில் ஒரு ஆள் செத்திருப்பார். இந்தப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் இருக்கும். நான் திருவொற்றியூர்க்காரி. ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எண்ணூரில் காஸ்டிக் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு என்னை அனுப்பினார்கள். தோலில் பட்டால் சதையை அரித்துவிடும் சாமான் அது. ஆர்டர், சரக்கு இருப்பு, லாரி, பில் எல்லாவற்றையும் அங்கே ஒரே பெரிய மென்பொருளில் வைத்திருந்தார்கள். அதன் புதுப் பதிப்பைச் சோதிக்க, எங்கள் கருவியை அதோடு இணைக்க வேண்டும். கருவி என்றால் அதுவும் ஒரு மென்பொருள்தான். மனுஷன் மாதிரியே திரைகளைத் திறந்து, கட்டங்களை நிரப்பி, ஆர்டர் போட்டுக்கொண்டே போகும்.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கை வைக்க முடியாது என்பதால், அதை அப்படியே நகல் எடுத்துத் தந்திருந்தார்கள். நகலில் ஒரு ஆபத்து உண்டு. நிஜப் பிரிண்டர்களின் இணைப்பும் அதற்குள் வந்துவிடும். அதை நீக்காவிட்டால் சோதனைக்குப் போடும் பொய் ஆர்டர் நிஜப் பிரிண்டரில் போய் விழும். அதனால்தான் அங்கே மேனேஜராக இருந்த உங்களிடம் கேட்டேன்.

"சார், நகல்லேர்ந்து பிரிண்டரெல்லாம் எடுத்தாச்சா?"

"எல்லாம் எடுத்தாச்சும்மா. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்து உக்காந்திருக்காங்க. சீக்கிரம் கனெக்ட் பண்ணு."

பண்ணினேன். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு இணைப்பு கிடைத்தது. ஒவ்வொரு படி முடியும்போதும் ஒரு பச்சை வரி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் 'சீட்டு அச்சிடு' என்ற படி வந்தது. லாரியில் திரவத்தை ஏற்றலாம் என்று அனுமதிக்கும் சீட்டு அது. பிரிண்டர் இல்லையென்றால் அது சிவப்பாகத்தான் வர வேண்டும். பச்சையாக வந்தது.

அப்படியென்றால் நிஜப் பிரிண்டரில் சீட்டு விழுந்துவிட்டது. அந்தச் சீட்டு விழும் இடம் லோடு ஏற்றும் யார்டு. டேங்கரைக் கழுவுகிறவர்கள் லாரிக்காரரின் ஆட்கள். உள்ளே இறங்கிவிட்டால் கீழேயிருந்து தெரியாது. அதனால் முன்பெல்லாம் ஸ்பேனரால் தட்டி, உள்ளேயிருந்து குரல் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பம்பைப் போடுவார்கள். நீங்கள் அதை நிறுத்தினீர்கள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு 'உள்ளே ஆள் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் சீட்டு வரும், சீட்டு வந்தால் தட்ட வேண்டாம் என்று உத்தரவு. எங்கள் கருவிக்குக் கண் ஏது? கட்டம் வந்தால் டிக் போடும். லாரி எண்களோ நகலில் இருந்த நிஜ எண்கள்.

கருவியை நிறுத்திவிட்டு யார்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. உங்களிடம் சொன்னேன். "இவங்க கிளம்பட்டும்மா, பாக்கலாம்" என்றீர்கள், சிரித்த முகம் மாறாமல்.

ஓடினேன். வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே, எந்த லாரி என்றுகூடத் தெரியாமல் ஓடினேன். பம்ப் ஓடும் சத்தம் காதில் கேட்டது. நின்று கேட்டால் இல்லை. மறுபடி ஓடினால் மறுபடி கேட்டது.

பம்ப் ஆபரேட்டர் கையில் சீட்டு இருந்தது. லாரியின் பின்னால் குழாயை மாட்டி முடித்துவிட்டு சுவிட்ச் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"ண்ணா, போடாத! அது பொய்ச் சீட்டு!"

"இன்னா தங்கச்சி சொல்றே? நம்பரு கரீட்டா கீது. ஆளில்லன்னு டிக்கு கீது. கம்பூட்டரு பொய் சொல்லுமா?"

"சொல்லும்ணா. ஒரு தபா தட்டிப் பாரு. உன் கால்ல வேணா வுழறேன்."

"தட்னா மேனேஜரு பேஜாரு பண்ணுவாரு" என்று முனகிக்கொண்டே ஸ்பேனரை எடுத்துத் தட்டினார்.

"டேய்! இன்னாத்துக்குடா தட்டிக்கினு கீறே? காது போயிடும்!"

குரல் டேங்கருக்குள்ளிருந்து வந்தது. ஆபரேட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேல் மூடி வழியாக, கையில் ஈரத்துணியோடு ஒருவர் தலையை நீட்டினார். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, எவனாச்சும் செத்துட்டானா?" என்று கேட்டார்.



நான் திரும்பி வந்தபோது நீங்கள் ஹெட் ஆபீஸ்காரர்களைக் கைகுலுக்கி வழியனுப்பிக்கொண்டிருந்தீர்கள். சீட்டு அச்சிடும் சோதனை வெற்றி என்று அறிக்கை எழுதச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன். மறுநாள் என்னை அங்கே வர வேண்டாம் என்றார்கள். அது போகட்டும்.

இன்றைக்கும் திரையில் பச்சை வரி வந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. யார் போய்ப் பார்த்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். உங்களையும் அதையே கேட்கிறேன். "எல்லாம் எடுத்தாச்சு" என்றீர்களே, போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னீர்களா, அந்தக் கருவி மாதிரி டிக் போட்டீர்களா? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அந்த டேங்கருக்குள் இருந்தவரும் படிக்கிற மாதிரி, இதே பக்கத்தில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.