கையுறைக்குள் பஞ்சு விரல்

எனக்கு வலது கைச் சுண்டு விரல் கிடையாது. வடக்கு எல்லையில் நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் கொண்டுபோய்விட்டது. துப்பாக்கி சுட அந்த விரல் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். பட்டாளமும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. எனக்கும் அது பெரிய கவலையில்லை. கல்யாணம் ஒன்று பாக்கி இருந்தது, அதுதான் கவலை.

சண்டைக்குப் போகும் முன்பே நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் மகளை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாலி கட்டியதும் மாப்பிள்ளை தன் வலது கைச் சுண்டு விரலோடு பெண்ணின் சுண்டு விரலைக் கோத்து மணவறையை மூன்று சுற்று வரவேண்டும். இல்லாத விரலுக்கு நான் எங்கே போவேன்? பெண்ணின் அப்பாவோ பூனை குறுக்கே போனாலே பஸ் ஏறாத ஆள். மாப்பிள்ளைக்கு விரல் குறை என்று தெரிந்தால் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடாத. மத்தத பெறகு பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு எங்கள் பட்டாளக் கம்பெனி திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அணிவகுப்பு நடத்தியது. மறுநாளிலிருந்து எனக்கு லீவு. அணிவகுப்புக்கு வெள்ளைக் கையுறை போடவேண்டும். காலி விரல் தொங்கினால் வரிசை கெட்டுவிடும் என்று எங்கள் ஹவில்தார் அதில் பஞ்சை அடைத்துக் கொடுத்தார். தங்கமான மனுஷன், ஆனால் எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. அந்த ஒரு விரல் பிஞ்சு முருங்கைக்காய் மாதிரி விறைத்து நின்றது.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் எனக்கு நிச்சயித்த பெண் தன் அண்ணனோடு நின்றாள். முன்வரிசையில் கடைசி ஆள் நான்; இடையில் பத்தடிகூட இல்லை. பெருமை தாங்காமல் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன், கிறுக்குப் பயல். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து மரியாதை செய்தோம்.

கல்யாணத்தன்று கையைத் துண்டுக்குள் மறைத்தபடி மணவறையில் உட்கார்ந்தேன். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அது நெருங்க நெருங்க எனக்கு ஏமாற்றிக் கட்டப் பிடிக்கவில்லை. அவள் காதருகே குனிந்தேன்.

"ஒண்ணு சொல்லணும். என் கையில..."

"தெரியும்" என்றாள், தலை நிமிராமல். "அன்னைக்கு மைதானத்துல துப்பாக்கியப் பிடிக்கையில எல்லா விரலும் மடங்குச்சு, ஒண்ணு மட்டும் குச்சியா நின்னுச்சு. நாள் முழுக்கப் பூக்கட்டுறவ நான், எனக்கு விரல் தெரியாதா?"

"உங்க அப்பாவுக்கு?"

"சொன்னா நிறுத்திருவாக. அதான் சொல்லல. அவுகளுக்குத் தெரிஞ்சிருமோன்னு நாலு நாளா எனக்கு ஒறக்கமே இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டு வந்தது, மேளம் வேகமெடுத்தது, அவள் மாலை மறைவில் கையை விட்டுக் கட்டினேன். ஈரக் கண்ணைப் பார்த்து அம்மா பயம் என்று நினைத்துக்கொண்டார். அத்தனை சந்தோஷம் எனக்கு.

சுற்றி வர எழுந்தபோது அவளே என் மோதிர விரலைத் தேடிப் பிடித்துத் தன் சுண்டு விரலோடு கோத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்து எங்கள் இரண்டு கைகள்மேலும் போட்டு, அவள் அப்பா நின்ற பக்கம் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.