தியெப் கடைப் போணி

சைகோனில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், தியெப்பின் கடை என்பது ஒரு கண்ணாடிப் பெட்டியும் இரண்டு முக்காலிகளும்தான். இருபத்தாறு வருடமாகப் பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்கிறாள். மூடியைத் திறக்காமலே காதில் வைத்துப் பார்த்து, உள்ளே யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவாள். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

அன்று காலை முதலில் வந்தவர் கட்டட கான்ட்ராக்டர் குவாங். பெட்டியிலிருந்த தங்கக் கடிகாரத்தைக் காட்டினார். ஐம்பதுகளில் செய்தது. முகப்பு தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருந்தன. எழுபது வருடத்தில் ஒருவரும் மெருகு போடாத கடிகாரம். அப்படி ஒன்று கைக்கு வர அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள்.

"சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன் அக்கா. ஆனா நல்லா மெருகு போட்டு, முகப்பையும் புதுசா எழுதிக் குடுங்க. பையன் கல்யாணத்துக்குக் கட்டணும்."

"அது ஆகாது தம்பி."

"நான்தான் இன்னிக்குப் போணி."

போணிக்கு வந்தவர் வெறுங்கையோடு போனால் நாள் படுத்துவிடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. போன வருடம் ஒருவரை அப்படி அனுப்பிவிட்டு தியெப் பதினோரு நாள் ஈ ஓட்டினாள். பக்கத்துப் பீங்கான் கடை ஹன் முக்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"குடுத்துடு தியெப். வாங்கினப்புறம் அவர் அதை ஊறுகா போட்டா உனக்கென்ன?"

"உடைஞ்சு ஒட்டின ஜாடிக்கும் உடையாத ஜாடிக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது. நீ பேசாத."

"அதான் ரெண்டையும் ஒரே விலைக்கு விக்கறேன்."

மெருகுச் சக்கரத்தில் ஐந்து நிமிடம் போதும், ஓரம் உருண்டுவிடும். நகம் என்றால் வளரும். இது வளராது. தியெப் குனிந்து கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். அதே ஜாதிக் கடிகாரம். கண் கூசியது.

"இது நான் கெடுத்தது. தொழிலுக்கு வந்த புதுசுல, பளபளன்னு இருந்தா நல்ல விலை போகும்னு நெனச்சு நானே மெருகு போட்டேன். முகப்பு எழுத்தும் புதுசு. விவரம் தெரிஞ்சவங்க தொடமாட்டாங்க. மூணுல ஒரு பங்கு விலை. ஓட்டம் மட்டும் சுத்தம்."

குவாங் அதைக் கட்டிக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையா கெடுத்தேங்கறீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த மஞ்ச மூஞ்சிய எதுக்கு எங்கிட்ட காட்டினீங்க?"

"நீங்கதான் காட்டினீங்க."

பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி அவர் நடந்தார்.

தியெப் தேன்நிறக் கடிகாரத்தின் விலைச்சீட்டை அவிழ்த்து, விலையைக் கூட்டி எழுதி, மறுபடி கட்டினாள்.

"அரை மணி நேரத்துல என்னடி ஏறிப்போச்சு?" என்றாள் ஹன்.

"ஒரு கண்டம் தப்பியிருக்கே."